நாய்க்குத் தெள்ளு பிடித்தால்: முதல் நாளிலிருந்து மூன்றாம் மாதம் வரை

கார்த்திகை மழை விட்ட ஒரு காலை. எங்கள் செவலை வராண்டாவில் உட்கார்ந்து, உடம்பை வில்லாக வளைத்து, வாலின் அடியை முன்பற்களால் கொறித்துக்கொண்டிருந்தான். சோளக்கதிரை வரிசையாகக் கடிப்போமே, அப்படி. அதே வாரம் என் மகளின் கணுக்காலில் சிவப்புச் சிவப்பாய்த் தடிப்பு. கொசுக்கடி என்று நினைத்தோம். எதிர்வீட்டு அக்கா வந்து பார்த்துவிட்டு, "இன்னாம்மா, நாய்க்கு உண்ணி புட்ச்சிருக்குதா? வெயில் வந்தா தானா பூடும், வுடு" என்றார்.

அது உண்ணி இல்லை, தெள்ளு. தானாகவும் போகவில்லை. காட்பாடியில் எங்கள் வீட்டை விட்டு அது முழுசாக ஒழிய மூன்று மாதம் ஆனது. அதில் முதல் மாதம் வீண். செய்ததையெல்லாம் நாயின் மேலேயே செய்தேன், வீட்டைத் தொடவே இல்லை. தெள்ளு நாயின் மேல் சாப்பிடுகிறது, குடும்பம் நடத்துவதோ உங்கள் வீட்டுத் தரையில். இது புரிந்த பிறகுதான் எங்களுக்கு விடிவு வந்தது. முதன்முதலாக நாய் வளர்க்கிறவர்கள் அந்த ஒரு மாதத்தை இழக்காமல் இருக்க இதை எழுதுகிறேன்.

தெள்ளா, உண்ணியா, பேனா?

எங்கள் வட ஆற்காட்டுப் பக்கம் நாய் மேல் எது ஊர்ந்தாலும் உண்ணி என்றே சொல்லிவிடுகிறோம். மருந்துக்கடையிலும் அதையே சொல்கிறோம், அவர்களும் உண்ணிக்கான மருந்தையே தருகிறார்கள். அதனால் முதலில் பூச்சியை அடையாளம் பாருங்கள்.

தெள்ளு எள்ளளவு இருக்கும், பெரும்பாலும் அதைவிடச் சிறிது. செம்பழுப்பு நிறம், இறக்கை கிடையாது, ஆறு கால். இரண்டு பக்கமும் அமுக்கியது போலத் தட்டையான உடம்பு. முடிக்கிடையில் அது அவ்வளவு வேகமாக வழுக்கிக்கொண்டு ஓடுவது அதனால்தான். பிடித்து விரலால் நசுக்கினால் சாகாது, நகத்தில் வைத்து அழுத்த வேண்டும். விட்டால் தாவிவிடும்.

உண்ணி தாவாது. மெதுவாக ஊரும், வளர்ந்ததற்கு எட்டுக் கால். வாயைத் தோலில் புதைத்து நாள்கணக்கில் ஒரே இடத்தில் ஒட்டியிருக்கும். இரத்தம் குடித்து உப்பினால் பார்க்க ஆமணக்கு விதை மாதிரியே இருக்கும். காது மடல், விரலிடுக்கு, கழுத்துப் பட்டையின் அடி ஆகியவை அதற்குப் பிடித்த இடங்கள். பேன் இரண்டிலும் சேராது. மந்தமாக நகரும், அதன் ஈர் முடியோடு ஒட்டிக்கொண்டிருக்கும். நாய்ப்பேன் மனிதர் மேல் வாழாது.

இந்த வேறுபாட்டை நான் வலியுறுத்துவதற்குக் காரணம் மருந்து. உண்ணிக்கும் சொறிக்கும் நன்றாக வேலை செய்யும் அமிட்ராஸ் தெள்ளுக்குச் சரிப்படாது. "ஒரு ஊசி போட்டால் எல்லாம் போயிடும்" என்று பலரும் சொல்லும் ஐவர்மெக்டினும் தெள்ளுக்கு மருந்தல்ல. கோலி வகை நாய்களில் பலவற்றுக்கு அது உயிருக்கே ஆபத்தாகலாம். இன்னொரு குழப்பமும் இங்கே உண்டு. வேலூரில் அடிக்கடி காதில் விழும் ஸ்க்ரப் டைஃபஸ் காய்ச்சலை உண்ணிக்காய்ச்சல் என்றும் சொல்கிறார்கள். அதைப் பரப்புவது புதரிலும் புல்லிலும் இருக்கும் ஒரு வகைச் சிற்றுண்ணியின் குஞ்சு. நாயின் மேல் இருக்கும் தெள்ளுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

ஈரத் துணிச் சோதனை

தெள்ளைக் கண்ணால் பார்க்க முடியாமலே போகலாம், ஓடி ஒளிந்துவிடும். அது போட்ட எச்சம் அங்கேயே கிடக்கும். ஒரு பேன் சீப்பு வாங்குங்கள். நம் தலைக்கு வாங்கும் அதே பல் நெருக்கமான சீப்புதான், நாய்க்கென்று தனியாக ஒன்று. ஒரு வெள்ளைத் துணியை நனைத்துப் பிழிந்து விரித்து, நாயை அதன் மேல் நிற்க வையுங்கள். வாலின் அடி, முதுகின் பின்பாதி, பின்தொடையின் உள்பக்கம், கழுத்து என்ற வரிசையில், முடியின் போக்கிலேயே தோலைத் தொடும்படி சீவுங்கள்.

சீப்பில் கருமிளகுத் தூள் மாதிரி வந்தால் அதை ஈரத் துணியில் தட்டி ஒரு நிமிடம் பொறுங்கள். வெறும் மண் என்றால் மண்ணாகவே இருக்கும். தெள்ளின் எச்சம் என்றால் புள்ளியைச் சுற்றிச் செம்பழுப்பாகக் கசியும். அது நாயின் இரத்தம், தெள்ளு குடித்துச் செரித்து வெளியே தள்ளியது. அந்தக் கறையைப் பார்த்துவிட்டால் வேறு சந்தேகமே வேண்டாம்.

கோழி வளர்க்கிற வீடு என்றால் நாயின் காது ஓரத்தையும் கண்ணைச் சுற்றியும் ஒருமுறை பாருங்கள். கோழிகளிடமிருந்து வரும் ஒரு வகைத் தெள்ளு ஓடாமல் தாவாமல் அங்கேயே கொத்தாக ஒட்டிக்கொண்டு, கரும்புள்ளிகளாகத் தெரியும்.

முதலில் மருத்துவரிடம் போக வேண்டிய நாய்கள்

எல்லா நாய்க்கும் வீட்டிலேயே ஆரம்பிக்கலாம் என்று சொல்ல மாட்டேன். உதட்டைத் தூக்கிப் பல் ஈறைப் பாருங்கள். இளஞ்சிவப்பாக இருக்க வேண்டியது வெளுத்திருந்தால் இரத்தம் குறைந்திருக்கிறது. குட்டிகளில் இது வேகமாக முற்றும், தெள்ளு அதிகமானால் குட்டி செத்தே போகும். அதைக் குளிப்பாட்டிக்கொண்டு நேரத்தைக் கடத்தாமல், பக்கத்து அரசு கால்நடை மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். வண்டி இல்லாத கிராமம் என்றால் 1962க்கு அழையுங்கள், அது கால்நடை ஆம்புலன்ஸ் எண்.

முடி கொட்டி, தோல் சிவந்து நீர் கசிகிற நாயையும் காட்ட வேண்டும். சில நாய்களுக்குத் தெள்ளின் எச்சிலே ஒவ்வாது. இரண்டு மூன்று கடி பட்டாலே நாள்கணக்கில் அரிக்கும். உடம்பில் ஒரு தெள்ளுகூடக் கண்ணில் படாது, நாய் தோலைப் புண்ணாக்கிக்கொண்டிருக்கும். அரிப்புக்கும் புண்ணுக்கும் தனியாக மருந்து கொடுத்தால்தான் அது நிம்மதியாகத் தூங்கும். சினை நாய், பால் கொடுக்கும் நாய், வலிப்பு வந்த நாய், எட்டு வாரம் நிறையாத குட்டி இவற்றுக்கும் கேட்காமல் எந்த மருந்தும் வேண்டாம். சின்னக் குட்டிக்கு நீங்கள் செய்யக்கூடியது, சீப்பால் சீவிச் சீவித் தெள்ளை எடுத்துச் சோப்புத் தண்ணீரில் போடுவது. நாளைக்கு இரண்டு முறை செய்யுங்கள், நிஜமாகவே பலன் உண்டு.

முதல் நாள்: குளியல்

குளியலுக்கு நாய் ஷாம்பு போதும். நம் சோப்பு நாயின் தோலை வறட்டிவிடும். வெதுவெதுப்பான தண்ணீர் வையுங்கள்.

உடம்பில் தண்ணீரை ஊற்றுவதற்கு முன் கழுத்தைச் சுற்றி ஷாம்பு நுரையால் ஒரு கெட்டி வளையம் போடுங்கள். உடம்பு நனைந்ததும் தெள்ளெல்லாம் தலையை நோக்கி ஓடும். காதுக்குள்ளும் கண்ணோரத்திலும் போய் ஒளிந்தால் எடுக்கவே முடியாது. நுரை வளையம் அதற்கு வேலி. அப்புறம் பின்பக்கத்திலிருந்து நுரைத்து, பத்து நிமிடம் ஊற விட்டு, அந்த நேரத்தில் சீப்பால் சீவுங்கள். பக்கத்தில் ஒரு மக்கில் சோப்புத் தண்ணீர் இருக்கட்டும். வெறும் தண்ணீரில் தெள்ளு மிதந்து தப்பிவிடும், சோப்பு கலந்தால் மூழ்கிவிடும். முகத்தை ஈரத் துணியால் துடைத்தால் போதும்.

இந்தக் குளியல் அன்றைக்கு இருப்பவற்றைத்தான் குறைக்கும். அடுத்த நாளே தரையிலிருந்து புதிதாக ஏறும். தினமும் குளிப்பாட்டத் தொடங்கிவிடாதீர்கள். அதனால் தோல்தான் கெடும், அடுத்துப் போடப்போகும் மருந்தும் கழுவிக்கொண்டு போகும்.

மருந்து

முதலில் நாயின் எடை தெரிய வேண்டும். நாயைத் தூக்கிக்கொண்டு எடை மெஷினில் ஏறி நின்று, பிறகு தனியாக ஏறிக் கழித்துக்கொள்ளுங்கள். "சுமார் பதினைந்து கிலோ இருக்கும்" என்ற குத்துமதிப்பு வேண்டாம். இந்த மருந்துகள் எல்லாமே எடைக்கணக்கில்தான் வருகின்றன.

ஒரு வகை, ஸ்பாட்-ஆன் என்று கடையில் சொல்லும் சொட்டு மருந்து. ஃபிப்ரோனில், இமிடாக்ளோப்ரிட் போன்றவை இதில் உண்டு. பெரும்பாலும் மாதம் ஒருமுறை. நாய் நக்க முடியாத இடமாக, இரண்டு தோள்பட்டைக்கும் நடுவில், முடியை வகிடு எடுத்துத் தோலின் மேல் விட வேண்டும். முடியின் மேல் ஊற்றினால் வீண். ஃபிப்ரோனில் தோலின் எண்ணெய்ப் பசையோடு சேர்ந்துதான் உடம்பெங்கும் பரவுகிறது. குளிப்பாட்டி எண்ணெய்ப் பசை போன அன்றைக்கே போட்டால் அதற்குப் பரவ வழியில்லை. ஆகவே குளியலுக்கும் சொட்டு மருந்துக்கும் நடுவே இரண்டு நாள் இடைவெளி கொடுங்கள், மருந்து விட்ட பின்னும் இரண்டு நாள் நனைய விடாதீர்கள். காயும்வரை பிள்ளைகள் நாயைக் கட்டிப்பிடிக்க வேண்டாம்.

இன்னொரு வகை, வாய்வழி மாத்திரை. அஃபாக்சோலனர் மாதம் ஒன்று, ஃப்ளூரலானர் சுமார் மூன்று மாதத்துக்கு ஒன்று. தெள்ளு, உண்ணி இரண்டுக்கும் ஆகும், குளிப்பாட்டினாலும் மழையில் நனைந்தாலும் கவலையில்லை. எங்கள் செவலை ஏரிக்கரையில் விழுந்து புரண்டுவிட்டு வருகிறவன், அவனுக்கு மாத்திரைதான் ஒத்துவந்தது. விலை கொஞ்சம் கூடத்தான். ஆனால் 2018இல் அமெரிக்காவின் உணவு மருந்து நிர்வாகம் இந்த வகை மாத்திரைகளைப் பற்றி ஓர் எச்சரிக்கை வெளியிட்டது: சில நாய்களுக்கு நடுக்கமும் தள்ளாட்டமும் வலிப்பும் வரக்கூடும். அதனால் முதல் மாத்திரையை மருத்துவர் சொல்லித்தான் கொடுக்க வேண்டும். உங்கள் நாய்க்கு எப்போதாவது வலிப்பு வந்திருந்தால் அதை மறக்காமல் சொல்லுங்கள்.

மருந்து போட்ட பிறகும் நாயின் மேல் ஓரிரு தெள்ளு ஓடும். அவை புதிதாக ஏறியவை, சாகச் சிறிது நேரம் ஆகும்.

வீடு

இங்கேதான் நேரத்தைச் செலவிட வேண்டும்.

பெண் தெள்ளு முதல் இரத்தம் குடித்த ஓரிரு நாளில் முட்டையிடத் தொடங்கும். ஒரு நாளைக்கு 40, 50 முட்டைகூடப் போடும். பத்துப் பெண் தெள்ளு இருந்தால் ஒரு வாரத்தில் மூவாயிரத்துக்கும் மேல். முட்டை வழவழப்பானது, முடியில் நிற்காது. நாய் எங்கெல்லாம் படுக்கிறதோ அங்கெல்லாம் உப்புத் தூவியதுபோல் உதிர்கிறது. அதிலிருந்து வரும் புழு வெளிச்சத்துக்கு அஞ்சி, கடப்பாக்கல் இடுக்கிலும் கட்டிலுக்கு அடியிலும் கோணிப்பையின் மடிப்பிலும் புகுந்து, பெரிய தெள்ளு உதிர்த்த எச்சத்தைத் தின்று வளரும். பின்பு பிசுபிசுப்பான கூடு கட்டும். அந்தக் கூட்டில் தூசி ஒட்டிக்கொள்வதால் கண்ணுக்கே தெரியாது. அதற்குள் இருக்கும்வரை எந்த ஸ்பிரேயும் அதைத் தொடாது. மாதக்கணக்கில் காத்திருந்து, நடக்கிற அதிர்வும் உடம்புச் சூடும் மூச்சுக்காற்றும் பட்டதும் வெளியே தாவும். ஊருக்குப் போய்ப் பூட்டிக்கிடந்த வீட்டைத் திறந்ததும் காலில் மொய்க்கிறதே, அது இப்படித்தான். நாயின் மேல் நீங்கள் பார்ப்பது மொத்தக் கூட்டத்தில் நூற்றுக்கு ஐந்து பங்கு என்று கணக்கிடுகிறார்கள், மீதி 95 தரையில்.

ஆகவே நாயோடு அன்றைக்கே வீட்டையும் தொடங்குங்கள்.

அது படுக்கும் இடங்களை ஒரு நாள் முழுக்கக் கவனித்து எழுதி வையுங்கள். நாங்கள் வராண்டா கோணிப்பை ஒன்றுதான் என்று நினைத்தோம். எழுதிப் பார்த்தபோது மாடிப்படியின் அடி, சோபாவின் பின்புறம், துணி துவைக்கும் கல்லின் நிழல், மகளின் கட்டிலடி என்று, கோணிப்பையோடு சேர்த்து ஐந்து இடம் வந்தது. கோணிப்பையை எரித்துவிடுங்கள், அல்லது கட்டிக் குப்பை வண்டியில் போடுங்கள். மூன்று மாதத்துக்குப் பழைய பருத்திப் புடவையை மடித்துப் போடுங்கள், துவைக்கச் சுலபம். வாரம் ஒருமுறை அதைக் கொதிக்கும் தண்ணீரில் ஊறவைத்துத் துவைத்து, மொட்டைமாடியில் உச்சி வெயிலில் காய விடுங்கள். வேலூர் வெயில் இந்த ஒரு வேலைக்கு நமக்குப் பெரிய துணை. 35 டிகிரிக்கு மேல் சூடும் வறட்சியும் சேர்ந்தால் முட்டையும் புழுவும் தாங்காது.

எதிர்வீட்டு அக்கா சொன்னதில் பாதி உண்மை இதுதான். சித்திரை, வைகாசியில் வெட்டவெளியில் தெள்ளு குறையும். ஆனால் நாய் வெட்டவெளியிலா படுக்கிறது? நிழலும் ஈரமும் உள்ள மூலையைத் தேடித்தானே போகிறது. புழுவுக்கும் அந்த மூலை போதும்.

தரையைத் தினமும் கூட்டுங்கள், முதல் இரண்டு வாரம் கட்டாயமாக. இடுக்கெல்லாம் வாக்குவம் கிளீனரால் உறிஞ்சினால் மிக நல்லது. அந்த அதிர்வில் கூட்டுக்குள் இருப்பவையும் வெளியே வந்து மாட்டும். அது இல்லாதவர்கள் ஈர்க்குச்சித் துடைப்பத்தால் இடுக்கைக் கிளறிக் கூட்டி, பின்பு சோப்புக் கலந்த வெந்நீரை அந்த இடுக்குகளில் ஊற்றித் தேய்த்துத் தள்ளுங்கள். கூட்டிய தூசியை வாசலில் கொட்டாமல் பிளாஸ்டிக் பையில் இறுக்கிக் கட்டி வெளியேற்றுங்கள்.

பூச்சி மருந்து அடிக்க ஆள் கூப்பிட்டால், மெத்தோப்ரீன் அல்லது பைரிப்ராக்ஸிஃபென் கலந்திருக்கிறதா என்று கேளுங்கள். முட்டையும் புழுவும் வளர்ந்து தெள்ளாகாமல் தடுப்பவை இவை. அடிக்கும்போது பிள்ளைகளும் நாயும் பூனையும் வெளியே இருக்க வேண்டும், மீன்தொட்டி இருந்தால் அதையும் அப்புறப்படுத்துங்கள். நன்றாகக் காய்ந்த பின்பே உள்ளே வரலாம்.

அப்புறம், வீட்டில் உள்ள மற்ற பிராணிகள். பூனைக்கும் அதே நாளில் மருந்து போட வேண்டும், ஆனால் பூனைக்கென்று உள்ள மருந்து. நாய் மருந்து சிலவற்றில் இருக்கும் பெர்மெத்ரின் பூனையைக் கொன்றுவிடும். குடியாத்தம், அணைக்கட்டுப் பக்கக் கிராமங்களில் ஆட்டுப் பட்டியை ஒட்டியே நாய் படுக்கும். ஆட்டையும் இதே தெள்ளு பிடிக்கும். பட்டியின் பழைய புழுக்கையையும் செத்தையையும் வழித்து அப்புறப்படுத்தாமல் நாய்க்கு மட்டும் எத்தனை மாத்திரை கொடுத்தாலும் தீராது.

இவற்றை மட்டும் செய்யாதீர்கள்

மண்ணெண்ணெய், ஃபினாயில், எறும்பு சாக்பீஸ், எறும்புப் பொடி, புகையிலைத் தண்ணீர். இவற்றில் ஒன்றையாவது "போட்டுப் பாருங்க" என்று யாராவது சொல்லியே தீருவார்கள். எல்லாமே தோலைப் பொசுக்கும் அல்லது நக்கினால் நஞ்சாகும். தேங்காயெண்ணெயில் கற்பூரம் குழைத்துப் பூசுவதும் அப்படித்தான். கற்பூரம் வயிற்றுக்குள் போனால் வலிப்பு வரும், நாயோ பூசியதை நக்கும். பூண்டு கொடுத்தால் தெள்ளு வராது என்பதும் வேண்டாம், பூண்டு நாயின் இரத்த அணுக்களைச் சிதைக்கும்.

மாட்டுக்கு அடிக்கும் டெல்டாமெத்ரின் மருந்தை மூடிக்கணக்கில் கலந்து நாய்க்கு ஊற்றுவது எங்கள் பக்கம் சர்வசாதாரணம். அளவு கூடினால் நாய்க்கு எச்சில் ஒழுகும், உடம்பு உதறும். அப்படி ஏதாவது ஆகிவிட்டால் உடனே ஷாம்பு போட்டுக் கழுவிவிட்டு, மருந்துப் புட்டியையும் கையோடு எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள்.

வேப்பிலையைக் கொதிக்க வைத்து ஆறிய தண்ணீரைக் கடைசியில் ஊற்றுவதால் கெடுதல் இல்லை. நானும் ஊற்றுகிறேன். தெள்ளை ஒழிக்க அது மட்டும் போதும் என்று நம்பி இருந்துவிட வேண்டாம்.

நாள்காட்டி

முதல் வாரத்திலேயே நாய் சொறிவது குறையும், மகிழ்ச்சியாக இருக்கும். இரண்டாவது, மூன்றாவது வாரத்தில் கூடுகளிலிருந்து புதிதாக வெடித்து வந்தவை கண்ணில் படும். பெரும்பாலானோர் "மருந்து வேலை செய்யலை" என்று கைவிடுவது இந்த இடத்தில்தான். விட்டுவிடாதீர்கள், கூட்டுவதையும் துவைப்பதையும் தொடருங்கள். புதிதாக வருபவை மருந்து உள்ள நாயின் மேல் ஏறினால் முட்டை போடுவதற்குள் சாகும். இரண்டாவது மாத மருந்தை, தெள்ளே தெரியாவிட்டாலும், தேதி தவறாமல் கொடுங்கள். மூன்றாவதையும்.

குறைகிறதா என்று அறிய ஒரு வழி இருக்கிறது. பள்ளிக்கூட வெள்ளை சாக்ஸை முழங்கால்வரை இழுத்து மாட்டிக்கொண்டு, நாய் படுக்கும் இடங்களில் ஐந்து நிமிடம் மெதுவாக நடங்கள். இருந்தால் சாக்ஸில் கரும்புள்ளிகளாக ஏறும். ராத்திரியில் ஒரு தட்டில் சோப்புத் தண்ணீர் வைத்து அதற்கு மேல் சின்ன விளக்கு எரிய விட்டாலும் வந்து விழும். வாரம் ஒருமுறை எண்ணி எழுதி வையுங்கள். எங்கள் வீட்டுத் தட்டில் முதல் வாரம் இருபத்தாறு, ஆறாவது வாரம் நான்கு, பத்தாவது வாரத்திலிருந்து ஒன்றுமில்லை.

நடுவில் நாயின் ஆசனவாயைச் சுற்றியோ படுக்கையிலோ அரிசி மாதிரி, காய்ந்தால் வெள்ளரி விதை மாதிரி ஏதாவது தெரிந்தால் அது நாடாப்புழுவின் துண்டு. தெள்ளைக் கடித்து விழுங்கும் நாய்க்கு இது வரும். ப்ராசிக்வான்டெல் உள்ள பூச்சி மாத்திரையை எடைக்கேற்ற அளவில் மருத்துவர் தருவார். தெள்ளு ஒழியாமல் பூச்சி மாத்திரை மட்டும் கொடுத்தால் அடுத்த மாதமே திரும்பி வரும். தவழும் குழந்தை தெள்ளை வாயில் போட்டு விழுங்கிவிட்டால் அதற்கும் வரக்கூடும், அதனால் அந்த மூலைகளில் குழந்தையை விட வேண்டாம்.

நாம் சோறு வைக்கும் தெருநாய்கள் வாசலில் வந்து படுக்கிற வீடுகளில் தெள்ளு திரும்ப வந்துகொண்டேதான் இருக்கும். அவற்றைத் துரத்த எனக்கு மனம் வராது. சோற்றை வாசற்படியை விட்டுத் தள்ளி, வெயில் படும் இடத்தில் வைக்கிறேன், வீட்டு நாய்க்கு மருந்தை வருடம் முழுக்க நிறுத்துவதில்லை. செலவு முடியாதவர்கள் ஆடியில் தொடங்கி மார்கழி முடியும்வரையாவது விடாமல் கொடுங்கள். இங்கே மழை பெய்து தரை ஈரமாக இருக்கும் மாதங்கள் அவைதான்.